ஹனோராவின் பேரில் ஓர் அறை

கோடை பிறந்தால் அயர்லாந்தில் எங்கள் மேயோ பக்கத்துக்கு இரண்டு கூட்டம் வரும். ஒன்று கொசு. இன்னொன்று, கையில் ஒரு கோப்போடு பூர்வீகம் தேடி வரும் அமெரிக்காக்காரர்கள். 1911-ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கை அச்செடுத்து வந்து, "இந்த ஆள் உங்க கொள்ளுத்தாத்தாவா?" என்று வாசலில் நின்று கேட்பார்கள். அந்தத் தாளில் இருக்கிற வயதை மட்டும் நம்பாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் எழுபது வயதுக்காரர்களுக்கு அரசாங்கம் பென்ஷன் கொடுக்க ஆரம்பித்திருந்தது. அதற்கு முந்தைய கணக்கில் ஐம்பத்திரண்டாக இருந்தவர்கள், பத்து வருஷம் கழித்து எடுத்த கணக்கில் எழுபதைத் தொட்டுவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களைப் போல வேகமாகக் கிழவரானவர்கள் உலகத்தில் இல்லை.

இப்படி ஊரைக் கேலி பேசிக்கொண்டிருந்த நானே ஒருநாள் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டி வந்தது. அதுவும் தலைகீழாக. அவர்கள் இங்கே செத்தவர்களைத் தேடி வருகிறார்கள். நானோ, இங்கிருந்து அங்கே போய்ச் செத்துப்போன ஒருத்தியைத் தேடினேன்.

எல்லாம் என் அண்ணன் மலாக்கியால் வந்தது. நான் வாக்கப்பட்டு டவுனுக்குப் போய்விட்டேன். அவன் கல்யாணம் கட்டாதவன். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு மாட்டின் பின்னால் ஓட முடியவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டு, டவுனில் என் வீட்டுக்குப் பக்கத்தில் குடிவருவதாக ஒருவழியாக ஒத்துக்கொண்டான். வாங்க ஆளும் கிடைத்தது. அப்போதுதான் வக்கீல் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"வில்லங்கம் ஒண்ணு இருக்கு மலாக்கி."

"என்ன வில்லங்கம்? எங்கப்பா ஒரு வேலித் தகராறுக்குக்கூடப் போனதில்ல. நீங்க வேற யார் பத்திரத்தையோ பாக்குறீங்க."

"உங்க லவெல் வீட்டுப் பத்திரம்தான். ஹனோரா லவெல்னு ஒரு அம்மா. அவங்க உயிரோட இருக்கிற வரைக்கும் உங்க வீட்டு மேற்கு அறையில இருந்துக்கலாம். கணப்புக்குக் கரிக்கட்டி, பால், உருளைக்கிழங்கு எல்லாம் வீட்டுக்காரன் குடுக்கணும். அவங்க செத்ததுக்குச் சான்றிதழ் வந்தாத்தான் விக்க முடியும்."

ஹனோரா எங்கள் அப்பாவின் அக்கா. அப்பாவும் அம்மாவும் கல்யாணமான புதிதில், ஒரே சமையலறையில் இரண்டு பெண்களுக்கும் ஒத்துப்போகவில்லை. அப்பா பெண்டாட்டி பக்கம் நின்றார். 1949-இல் அத்தை பெட்டியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் கிளீவ்லாந்துக்குப் போய்விட்டாள். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வீட்டில் அவள் பெயரை யாராவது எடுத்தால், அப்பா தொப்பியை மாட்டிக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். தாத்தா நிலத்தை மகனுக்கு எழுதும்போது, கல்யாணமாகாத மகளுக்கு ஓர் அறையை ஒதுக்கியிருப்பார் என்று நாங்கள் நினைத்தோம். இங்கே பாதி வீடுகளில் அப்படித்தான்.

அத்தை யாரைக் கட்டினாள், என்ன பெயரில் செத்தாள் என்று எதுவும் தெரியாமல் சான்றிதழுக்கு எங்கே போவது? கடைசியில் எங்கள் கோவிலிலேயே கிடைத்தது. எந்தச் சீமையில் கல்யாணம் செய்தாலும், அந்த ஊர்ச் சாமியார் நமக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோவிலுக்கு எழுதிவிடுவார். இங்கே பதிவேட்டில் நம் பெயருக்குப் பக்கத்து ஓரத்தில் குறித்துவிடுவார்கள். யாரும் இரண்டாவதாக ஒன்று கட்டிவிடக் கூடாது என்கிற நல்லெண்ணம். அத்தை பெயருக்கு ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது: கிளீவ்லாந்து, 1951, ஜோசப் நோவக்.

"நோவக்கா? என்ன ஜாதி மனுஷன் அது?" என்றான் மலாக்கி.

"ஏதோ ஒரு மனுஷன். உனக்கு அதுகூட வாய்க்கல" என்றேன்.

அந்தக் கிளீவ்லாந்து கோவிலுக்கு எழுதினேன். அத்தை இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது, ஒரே மகள் லொரேட்டா இருக்கிறாள் என்று விலாசம் வந்தது. அவளுக்கு விவரமாக எழுதினேன்: பத்திரத்தில் உன் அம்மா பேர் இருக்கிறது, வீட்டை விற்கப் போகிறோம், சான்றிதழ் வேண்டும். பதில் ஒரே வரியில் வந்தது. தபாலில் அனுப்பமாட்டேன், நானே கொண்டு வருகிறேன் என்று.

"போச்சு. பங்கு கேக்க வர்றா" என்றான் மலாக்கி.

அக்டோபர் மழையில் வந்து இறங்கினாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவளாம். ஆள் குள்ளம். முகவாய் மட்டும் அச்சு அசல் எங்கள் அப்பா. மலாக்கி வீட்டுச் சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல், மடியில் ஒரு பழுப்பு உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தேநீரைத் தொடவில்லை.

"வீடு, நிலம் எதுவும் எனக்கு வேணாம் அத்தான். பயப்படாதீங்க. இத குடுக்கத்தான் வந்திருக்கேன்" என்றாள். மலாக்கியின் காது சிவந்துபோனது. "ஆனா எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். எங்கம்மாவ இந்த வீட்டுலேருந்து வெரட்டுனாங்களா? சாகுறப்பகூட, 'எனக்கு அங்க கதவு கெடையாது'ன்னுதான் சொன்னா. நான் அத நம்பித்தான் இத்தனை வருஷம் இந்தப் பக்கமே வரல. இப்ப மதினி எழுதுறாங்க, பத்திரத்துல அவ பேர் இருக்குன்னு. யாரு எழுதுனது? தாத்தாவா?"

வக்கீல் எனக்குப் பத்திரத்தின் நகல் அனுப்பியது அதற்கு முந்தின வாரம்தான். அதில் இருந்த தேதியைப் பார்த்ததிலிருந்து என் மனசு சரியில்லை. மலாக்கியிடம்கூடச் சொல்லவில்லை.

"தாத்தா இல்ல லொரேட்டா. நிலத்த எழுதிக் குடுத்தப்ப அவரு உங்கம்மா பேரையே எடுக்கல. எழுதுனது எங்கப்பா. 1962 நவம்பர்ல, தானா வக்கீல்கிட்டப் போயி எழுதி வெச்சிருக்கார்."

"அப்பாவா!" என்றான் மலாக்கி.

லொரேட்டா என்னையே பார்த்தாள். "அறுபத்திரண்டா? அந்த வருஷம்தான் எங்கப்பா செத்தாரு. எஃகு ஆலையில ஆக்சிடென்ட். மறுவருஷம் கோடையில அம்மா ஊருக்கே போயிடலாம்னு பெட்டியெல்லாம் கட்டுனா. கட்டுன பெட்டி நடையில கெடந்துச்சு. அப்புறம் ஒருநாள் எல்லாத்தையும் எடுத்துத் திரும்ப அலமாரியில அடுக்கிட்டா. 'போயி எந்தக் கதவத் தட்டுறது?'ன்னா. ராத்திரியில ஆபீஸ் தரையத் தொடச்சுத்தான் என்னை ஆளாக்குனா."

எனக்கு அந்த மேற்கு அறை ஞாபகம் வந்தது. பிள்ளைகள் நாங்கள் ஒரே கட்டிலில் ஒருவர்மேல் ஒருவர் கால் போட்டுப் படுத்திருக்க, அந்த அறை மட்டும் சும்மா கிடக்கும். கேட்டால், "பிஷப் வந்தா எங்க படுப்பார்?" என்பார் அப்பா. எந்த பிஷப்பும் எங்கள் சந்துக்குள் வந்ததில்லை. பிள்ளைகளைவிட அறை பெரிதாகப் போன மனுஷன் என்று அவர் சாகும்வரை எனக்கு அவர்மேல் கோபம். அத்தையோடு சண்டை போட்ட அம்மாவோ, சனிக்கிழமை தவறாமல் அந்த அறையில் கணப்பு மூட்டுவாள். "சுவர்ல ஈரம் ஏறிடும்டி" என்பாள். யாருக்காக என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இதையெல்லாம் லொரேட்டாவிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். மழையில் டவுன்வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போய், வக்கீல் முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கரிக்கட்டி முதல் பால்வரை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதத் தெரிந்த மனுஷனுக்கு, 'அக்கா, வா' என்று ஒரு கடிதம் எழுதத் தெரியவில்லை. டப்ளின் பத்திர ஆபீஸில் யாரோ ஒரு குமாஸ்தாவுக்குத் தெரிந்திருந்தது, ஹனோராவுக்கு இங்கே வீடு இருக்கிறதென்று. ஹனோராவுக்குத்தான் தெரியவில்லை.

லொரேட்டா எழுந்து மேற்கு அறைக்குப் போனாள். இப்போது அங்கே கன்றுக்குட்டித் தீவன மூட்டைகள்தான். மூட்டைகளுக்கு நடுவில், ஜன்னலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து உறையை மேஜைமேல் வைத்தாள்.

"எங்கப்பா செத்தது மாமாவுக்கு எப்பிடித் தெரியும்?"

"டீலியா பேடன் சொல்லியிருப்பா" என்றான் மலாக்கி. "இங்க பக்கத்துத் தோட்டத்துக்காரி. பொழைக்கப் போயி அங்க உங்க ஊர்லதான் இருந்தா. கோடைக்குக் கோடை இங்க வருவா. இப்ப அவளும் போயிச் சேந்தாச்சு."

"டீலியாவா? எங்களுக்கு எதிர் வீடு அத்தான்!"

எனக்கு டீலியாவை நன்றாக நினைவிருக்கிறது. பெரிய தொப்பி, பெரிய சிரிப்பு. அத்தை புருஷன் செத்ததற்கு மறுவருஷமும் வந்திருந்தாள். அதாவது, அப்பா பத்திரம் எழுதி முடித்த பிறகு. அமெரிக்காவுக்குத் திரும்பக் கிளம்புகிற அன்று எங்கள் சமையலறையில் விடைபெற வந்தாள். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "ஆண்டனி, ஹனோராகிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?" என்று அப்பாவிடம் கேட்டாள். அம்மா கைவேலையை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா குனிந்து கணப்பைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"என்ன சொன்னாரு மதினி?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் கடல் தாண்டி வந்து கேட்கிறவளிடம் எப்படி மறைப்பது?

"'நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம்னு சொல்லு'ன்னார்."

லொரேட்டா தலையை ஆட்டினாள். "அத அப்பிடியே வந்து சொன்னா. நானும் பக்கத்துலதான் நின்னேன். 'வேற ஒண்ணும் சொல்லலியா டீலியா?'ன்னு அம்மா திரும்பத் திரும்பக் கேட்டா. இல்லன்னா. அன்னைக்குச் சாயங்காலம்தான் பெட்டியப் பிரிச்சா."

மேஜைமேல் உறை அப்படியே கிடந்தது. ஏதாவது சொல்லேன்டா என்பதுபோல நான் மலாக்கியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். லொரேட்டா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டாள். அவள் வாசலைத் தாண்டுகிறவரை எங்கள் இரண்டு பேருக்கும் 'இரு' என்று ஒரு வார்த்தை வரவில்லை. நாங்களும் அப்பாவின் பிள்ளைகள்தானே.