நாற்பத்தொரு படங்களில் இல்லாத பிள்ளை

1

முழங்கால் வலியால் கிடைத்த கதை இது. நியூசிலாந்தில், ஹென்டர்சனில் பெட்டி கட்டும் தொழிற்சாலை. எட்டு மணிநேரம் சிமெந்துத் தரையில் நிற்க வேண்டும். தேநீர் இடைவேளையில் கால் நீட்ட இடம் தேடி யோகராணி அக்காவின் மேசையில் போய் உட்கார்ந்தேன். அவர் ஒரு கடிதத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"தம்பி, நீ கதை எழுதுறனி எல்லே? இதுக்கொரு பதில் எழுதித் தா."

குடிவரவு அலுவலகக் கடிதம். அக்காவின் தம்பி ரஜிதன் நியூசிலாந்து இராணுவத்தில் சாரதி. இப்போது ஆறு மாத அமைதிகாப்புப் பணியில் சினாய்ப் பாலைவனத்தில் இருக்கிறான். மனைவி நிருஜா யாழ்ப்பாணத்தில், தன் முதல் மணத்தில் பிறந்த ஒன்பது வயது மகள் தாரிணியோடு. இருவருக்கும் விசா கேட்டவன் அவன். விண்ணப்பக் கோப்பை இங்கே காவித் திரிபவர் அக்கா. கடிதத்தில் நிருஜா பற்றிக் கேள்வி இல்லை. பிள்ளைக்கும் ரஜிதனுக்கும் என்ன உறவு? நாற்பத்தொரு கலியாணப் படங்களில்* ஒன்றிலும் அவள் இல்லையே, ஏன்? பதில் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும்.

(* எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்றுதான். அவற்றில் பதினேழு படங்களில் அக்கா நடுவில் நிற்கிறார்.)

2

கதையைச் சினாயில் தொடங்கினேன். 'மணல் பறந்துகொண்டிருந்தது. ரஜிதன் தன் லொறியின்...'

நான் சினாயைக் கண்டதில்லை. அங்கே ஒன்றும் நடக்கவுமில்லை. வண்டி ஓட்டுகிறான், வரிசையில் நின்று சாப்பிடுகிறான், வாரம் இரண்டு தடவை தாரிணிக்குப் போனில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான். அந்த அழைப்புகளின் பட்டியலை அனுப்பலாம். ஆனால் அவர்கள் கேட்பது படத்தை. யாழ்ப்பாணம் போய்ப் பிள்ளையோடு ஒன்று எடுத்துவர அவனுக்கு லீவு கிடையாது.

3

பதிலின் முதல் வரைவு, அக்கா சொன்னபடி: 'அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதால்...'

"காய்ச்சல் நல்லது தம்பி. ஆருக்குத்தான் வராது?"

"உண்மையிலை காய்ச்சலோ அக்கா?"

அக்கா பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். அது உடைந்து உள்ளே விழுந்தது.

"தாயின்ரை ரெண்டாம் கலியாணத்திலை பிள்ளை நிண்டா சனம் என்ன கதைக்கும்? நான்தான் விடியவே பிள்ளையை அதின்ரை பெரியம்மா வீட்டை அனுப்பச் சொன்னனான்."

(இங்கே அக்காவைக் கொடுமைக்காரியாக்கிய பத்தி ஒன்று இருந்தது. எடுத்துவிட்டேன். அன்று நான் போயிருந்தாலும் படத்தில் சிரித்துக்கொண்டு நின்றிருப்பேன். பிள்ளை எங்கே என்று கேட்டிருக்க மாட்டேன்.)

4

வேலை முடிந்து, பக்கத்து ஊரான மாசியில், அக்கா வீட்டில் இருந்தபோது ரஜிதன் சினாயிலிருந்து போன் எடுத்தான். அக்கா வரைவை வாசித்துக் காட்டினார்.

"காய்ச்சலோ? பெரியம்மாவுக்குக் காய்ச்சல், துணைக்குப் போ எண்டு சொல்லித்தானே அவளை அனுப்பினனீங்கள்? கூப்பிட்டு விசாரிச்சா அவள் அதைத்தான் சொல்லுவாள். ஒரு வீட்டிலை எத்தினை காய்ச்சல் அக்கா? பொய் எண்டு பிடிபட்டா தாய்க்கும் விசா இல்லை, பிள்ளைக்கும் இல்லை."

"உள்ளதை எழுதினா பிள்ளைக்குத் தெரியவரும். இந்த வீட்டுக்குத்தானேடா வரப்போகுது. பிறகு நான் அதின்ரை முகத்தைப் பாக்க வேண்டாமோ?"

"இஞ்சை எனக்கு ஓடர் போட ஒரு மேஜர் இருக்கிறார். கலியாணத்திலை ஓடர் போட்டது நீங்கள். கையெழுத்தும் நீங்கள்தான் வைக்கோணும்."

5

இரவு பத்து மணிக்கு எழுதிய இரண்டாம் வரைவு இரண்டு வரி: 'பிள்ளையை அனுப்பச் சொன்னவள் நான். என் தம்பி அல்ல.'

பேனையைக் கையில் எடுத்த அக்கா அதைக் கீழே வைத்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு அழைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த தாரிணி சீருடையோடு திரையில் வந்தாள்.

"பிள்ளை, அண்டைக்குப் பெரியம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை. நான்தான் உன்னை..."

"தெரியும் மாமி. அவ அண்டைக்குக் கிணத்தடியிலை ஒரு குவியல் உடுப்புத் தோய்ச்சவ."

அக்கா போனை மற்றக் கைக்கு மாற்றினார்.

"கலியாணத்துக்குத் தைச்ச சட்டை இப்ப எனக்கு இறுக்கம்" என்றாள் தாரிணி. அவள் அதைக் கோபமாகச் சொன்னதாக எழுத முயன்றேன். சரிவரவில்லை. அவள் அளவுதான் சொன்னாள்.

அக்கா கையெழுத்து வைத்தார்.

6

பதில் இன்னும் வரவில்லை. இருவருக்கும் விசா என்று ஒரு முடிவு எழுதினேன். தாய்க்கு மட்டும் என்று இன்னொன்று. அதில் நிருஜா வர மறுக்கிறாள். இரண்டையும் உங்களிடமே விடுகிறேன். நீங்களும் இப்படி ஒரு கடிதத்துக்குக் காத்திருந்தவராக இருக்கலாம். எது நடக்கும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்று. யோகராணி அக்கா தாரிணிக்கு ஒரு கலியாணப் படம் கடன்பட்டிருக்கிறார்.