கூட்டலில் வராத இருபத்து மூன்று பேர்

"அம்மா, மேல நானூத்திப் பன்னெண்டு பேருன்னு போட்டிருக்குது. கீழ கூட்டுனா முன்னூத்தி எண்பத்தொம்பதுதான் வருது. மத்தவங்கெல்லாம் எங்க போனாங்க?"

பள்ளி விடுமுறையென்று அலுவலகத்துக்கு வந்திருந்த மகள் மோகனப்பிரியா கேட்டபோது, பிரிண்டர் இன்னும் கறகறத்துக்கொண்டிருந்தது. மதிவதனி தாளைக் கிழித்தெடுத்துப் பார்த்தாள். கருமத்தம்பட்டி விசைத்தறித் தொழிலாளர்களின் நுரையீரல் ஆய்வு அது. குழாயில் ஊதிய மூச்சின் அளவை வைத்து நலம், லேசான பாதிப்பு, கடும் பாதிப்பு என்று அவள் எழுதிய புரோகிராம் அட்டவணை போட்டிருந்தது. அளவு இல்லாதவர்களைத் தானாகவே கழித்திருந்தது.

"இருபத்திமூணு பேர் விட்டுப்போச்சுங்க சார்."

"அளவில்லீன்னா உட்டுர வேண்டியதுதானுங்கம்மா" என்றார் ஆய்வை நடத்தும் டாக்டர் வெங்கடபதி. "சாயங்காலம் அறிக்கையோட எனக்கு ரயிலு. சோம்பல்ல ஊதாமப் போயிருப்பானுக."

அடுத்த வாரம் அவளுடைய தற்காலிக வேலையை நீட்டிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். மதிவதனி கீழே ஸ்டோர் ரூமுக்குப் போனாள். தறிக்கூடங்களுக்குச் சைக்கிள் மிதித்துப் படிவம் எழுதிவந்த சின்னான் கட்டுகளை இறக்கித் தந்தார்.

"சோம்பலுங்களா! குழாய வாயில வெச்சவொடனே இருமி உளுந்துட்டாங்க அம்மணி. ஒருத்தரு என்ற கையப் புடிச்சவரு, உட்டாத்தானுங்க! கட்டத்துல என்ன நம்பர எழுதறது? அதான் பொறகால பென்சில்ல எழுதிப்போட்டேன். தப்புங்களா?"

"இல்லீங்கண்ணா. நாங்கதான் திருப்பியே பாக்கலீங்க."

இருபத்து மூன்று தாள்களின் பின்புறமும் ஒரே கையெழுத்து: 'மூச்சு வாங்குது. ஊத முடியல.'

மேலே வந்து ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினாள். மருதமலையானை நினைத்துக்கொண்டு புரோகிராமை மறுபடி ஓட்டினாள். 'ஊத இயலாதவர்கள் 23' என்று புதிய வரி வந்தது. கூட்டல் நானூற்றுப் பன்னிரண்டு. மகள் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்து, "செரியா வருதும்மா!" என்றாள். மதிவதனிக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

டாக்டர் புதிய வரியையும் படிவங்களின் பின்புறப் பென்சில் எழுத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "இந்த ஒரு வரிதானுங்கம்மா ஆய்வே. நல்லாப் புடிச்சுட்டீங்க."

"நானில்லீங்க சார், நம்ம சின்னாண்ணன்..."

போன் அடித்தது. பேசியபடியே, பிரிண்ட் போட்டு உறையில் வைக்கும்படி சைகை காட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் மூன்று டாக்டர்களின் பெயர்கள். நன்றிப் பக்கத்தில் குழாய் கொடுத்த கம்பெனியும் தறி முதலாளிகள் சங்கமும். மகள் பன் வாங்கக் கீழே ஓடியிருந்தாள். அறையில் வேறு யாருமில்லை. மதிவதனி தன் பெயரை எங்கும் தேடவில்லை. சங்கத்துக்குக் கீழே ஒரு வரி தட்டினாள்: 'படிவங்கள் எழுதியவர், திரு. சின்னான்.'

பிரிண்ட் எடுத்து, அடுக்கி, உறையை ஒட்டினாள்.