பூவின் பொறுமை

மாமனாரின் கணக்கில் ஃப்ரிட்ஜுக்கும் தூக்கம் வேண்டும்.

"பகல் பூரா உறுமிக்கிட்டே நிக்குது, பாவம். ராத்திரியாவது கண்ண மூடட்டும். என்ன சொல்றீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே, படுக்கப் போகுமுன் ஸ்விட்சை அணைப்பார். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லமாட்டான். தலையை ஆட்டுவான். காலையில் பால் திரிந்திருக்கும். கடுங்காப்பியைக் குடித்துவிட்டுக் கல்லூரிக்கு ஓடுவான்.

கல்யாணமான நாள் முதல் அவன் அந்த மனிதரை மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பயம் என்று சொல்லிவிட முடியாது. மாமனார் புலியுமல்ல, சிங்கமுமல்ல. நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். ஒல்லி உடம்பு, வெண்கலக் குரல். பெண்ணைக் கொடுத்த வீட்டில் வந்து தங்கும்படி ஆகிவிட்டதே என்று அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தைப் பார்த்து இவனுக்குக் கூச்சம். ஆக, அவர் சொல்வார், இவன் ஆட்டுவான். பூம்பூம் மாடு இவனிடம் பாடம் கேட்கலாம்.

அவன் புள்ளியியல் ஆராய்ச்சி மாணவன். அவனுடைய மூன்றாம் அத்தியாயம் கைடு மேடத்தின் மேசையில், ஒரு செடித்தொட்டிக்கு அடியில் கிடந்தது. எப்போது படிப்பீர்கள் என்று கேட்டால் "பாக்கலாம்" என்பார். மேடம் அதிகம் பேசுகிறவர் அல்ல. அந்த ஒற்றைச் சொல்லுக்கு ஆராய்ச்சி மாணவர்கள் ஆளுக்கொரு உரை வைத்திருந்தார்கள். உரைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

அந்தப் பருவத்தில்தான் அவனுக்கு முதன்முதலாக ஒரு வகுப்பு கொடுத்தார்கள். மாலை வகுப்பு, அடிப்படைப் புள்ளியியல். வேலை பார்ப்பவர்கள், பாதியில் படிப்பை விட்டவர்கள், யார் வேண்டுமானாலும் சேரலாம். வயது வரம்பு கிடையாது. மேடம் ஒருநாள் வந்து கடைசி வரிசையில் உட்காருவார். அவருக்குத் திருப்தியானால் அடுத்த ஆண்டும் வகுப்பு உண்டு. இல்லையென்றால் வகுப்பு இல்லை, வகுப்போடு வரும் உதவித்தொகை இல்லை, உதவித்தொகை இல்லாமல் ஆராய்ச்சி அம்போ.

முதல் நாள் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டான். குளியலறைக் கண்ணாடி முன் நின்று "அனைவருக்கும் மாலை வணக்கம்" என்று கனத்த குரலில் சொல்லிப் பார்த்தான். கண்ணாடி மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. வகுப்புக்குள் காலை வைத்தான். முதல் வரிசையில் ஓர் ஒல்லி உருவம் விருட்டென்று எழுந்தது.

"வாங்க மாப்பிள்ளை!"

வெண்கலக் குரல். நாற்பது பேரும் கேட்டார்கள். அவன் வணக்கம் தொண்டையிலேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்த வகுப்பில் அவனுக்குப் பெயர் மாப்பிள்ளை சார், அவருக்குப் பெயர் மாமா.

வீட்டுக்கு வந்து மனைவியைப் பிடித்தான்.

"உங்கப்பாவ என் கிளாஸ்ல சேத்துவிட்டது யாரு?"

"நான்தான்" என்றாள் அவள், தட்டு கழுவிக்கொண்டே. "சும்மா இருக்க முடியாம சமையலறை டப்பாவ எல்லாம் உயர வாரியா நிறுத்திவைக்கிறார். உப்பு எங்க இருக்குன்னு எனக்கே தெரியல. வாரத்துல ரெண்டு சாயங்காலம் எனக்கு நிம்மதி வேணாமா?"

"வேற பாடமே கிடைக்கலயா?"

"தோட்டக்கலையும் இருந்துச்சு. அவர்தான் மாப்பிள்ளை பாடம் நடத்துறத பாக்கணும்னார். பெருமைங்க, வாத்தியாரே. விடுங்க."

விட்டான். வேறென்ன செய்ய?

வருகை எடுக்கும்போது மாமனார் எழுந்து நின்று "ஆஜர்!" என்பார். இரண்டாம் வாரத்தில் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று ஆஜர் சொல்ல ஆரம்பித்தது. இவன் பலகையில் எழுதினால் மாமனார் பின்னால் திரும்பி, "குறிச்சுக்கங்க, குறிச்சுக்கங்க" என்று எல்லோரையும் அதட்டுவார். பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் பொறாமையோடு எட்டிப் பார்த்தார்கள்.

நிகழ்தகவு பாடம் நடத்திய அன்று இரவுச் சாப்பாட்டில் மாமனார் பேச்சை எடுத்தார்.

"நாணயம் பத்திச் சொன்னீங்களே மாப்பிள்ளை. நல்ல பாடம். ஆனா ஒண்ணு. அஞ்சு தடவ சுண்டி அஞ்சு தடவயும் தலையே விழுந்துச்சுன்னு வைங்க. ஆறாவது தடவ பூதானே விழணும்?"

அவன் வாயில் சோறு இருந்தது.

"கோர்ட்ல எத்தன வருஷம் பாத்திருக்கேன். ஒரே கட்சி ஜெயிச்சுக்கிட்டே இருக்க முடியாது. பூவும் எவ்வளவு நேரந்தான் கீழ கிடக்கும்? பூவின் பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு. இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நாணயத்துக்கு முன்னால் நடந்தது எதுவும் தெரியாது, ஆறாவது முறையும் பாதிக்குப் பாதிதான் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் அவனுக்குச் சம்பளமே. அவன் சோற்றை விழுங்கினான். தலை தன்பாட்டுக்கு ஆடியது.

மாமனார் மலர்ந்துபோய் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் பரீட்சை வைத்தான். கடைசிக் கேள்வி அதேதான்: தொடர்ந்து ஐந்து முறை தலை விழுந்த நாணயம், ஆறாவது முறை பூ விழ வாய்ப்பு எவ்வளவு? சுலபமான கேள்வி, எல்லோரும் மார்க் வாங்கட்டும் என்று நல்லெண்ணத்தில் போட்டது.

ஆராய்ச்சி மாணவர் அறையில், ஒரு கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து முதல் தாளைப் பிரித்தான். 'ஆறாவது முறை நிச்சயம் பூ. பூவின் பொறுமைக்கும் எல்லை உண்டு.' சிரித்தான். இரண்டாவது தாள். 'பூவின் பொறுமைக்கும் எல்லை உண்டு.' சிரிப்பு நின்றது. மூன்றாவது, நான்காவது, பத்தாவது. ஒரு தாளில் ஆதாரத்தோடு எழுதியிருந்தது: 'பூவின் பொறுமைக்கும் எல்லை உண்டு (மாமா சொன்னது).'

தாள்களை அள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினான். வகுப்பில் எப்போதும் முன்வரிசையில் உட்காரும் நர்ஸம்மா எதிரில் வந்தாள்.

"யாரும்மா இத உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது?"

"மாமாதான் சார். கிளாஸ் முடிஞ்சதும் கேன்டீன்ல எங்களுக்கு ஒருமுறை திருப்பிச் சொல்லுவார். நீங்க நடத்துறதும் நல்லாத்தான் இருக்கு, தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா மாமா சொன்னாத்தான் மனசுல நிக்குது."

"அது சரியான்னு கேக்கமாட்டீங்களா?"

"கேட்டோமே! மாப்பிள்ளையே வீட்ல ஒத்துக்கிட்டார், தலைய ஆட்டினார்னு சொன்னார். நீங்களே ஒத்துக்கிட்ட அப்புறம் எங்களுக்கென்ன சார்?"

அந்த நேரம் பார்த்துத்தான் கைடு மேடம் ஜெராக்ஸ் அறையிலிருந்து வந்தார். தாள் கட்டை வாங்கினார். மேலே இருந்ததைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். நடுவிலிருந்து ஒன்றை உருவிப் படித்தார். கட்டைத் திருப்பித் தந்தார்.

"அடுத்த வகுப்புக்கு வரேன். பாக்கலாம்."

இந்தப் பாக்கலாமுக்கு உரை தேவைப்படவில்லை.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"தப்புன்னு நேரா சொல்லிடுங்க."

"அத்தனை பேர் முன்னாடியா? மனசு நோகும்."

"நோகட்டும். இங்க என் பால் திரியுது. ஃப்ரிட்ஜ அணைக்காதீங்கப்பான்னு நான் சொன்னா, 'மாப்பிள்ளையே ஒத்துக்கிட்டார், உனக்கென்ன தெரியும்'ங்கிறார். ஊருக்கெல்லாம் வாத்தியார், வீட்ல தலையாட்டி பொம்மை. உங்க தலையாலதான் இவ்வளவு வினையும்."

அடுத்த வகுப்பில் மேடம் சொன்னபடியே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாற்பது பேரும் ஆஜர் சொன்னார்கள். மேடம் ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார்.

அவன் ஓர் உபாயம் வைத்திருந்தான். தன் வாயால் சொல்வானேன்? நாணயமே சொல்லட்டும்.

"எல்லாரும் எழுந்து நில்லுங்க. ஆளுக்கு ஒரு நாணயம் எடுங்க. சுண்டுங்க. பூ விழுந்தவங்க உக்காருங்க. தலை விழுந்தவங்க நில்லுங்க. கடைசியில அஞ்சு தலை வாங்கினவங்க யாராவது நிப்பாங்க. அவங்க ஆறாவது தடவ சுண்டட்டும்."

யாரிடமும் நாணயம் இல்லை. எல்லோரும் செல்போனில் காசு கொடுக்கிறவர்கள். மாமனார் எழுந்து, சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்தார். பஸ்ஸுக்குச் சில்லறை வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தது. வரிசை வரிசையாகப் போய்ப் பிரசாதம் மாதிரி விநியோகித்தார். மேடத்தின் கையிலும் ஒன்றை வைத்து, "நீங்களும் சுண்டுங்கம்மா, சும்மா உக்காந்திருக்கீங்களே" என்றார். மேடம் எழுந்து நின்றார்.

சுண்டினார்கள். நாணயங்கள் மேசைக்கடியில் உருண்டன, ஜன்னல் வழியே ஒன்று வெளியே போனது, ஒன்று நர்ஸம்மாவின் கைப்பைக்குள் விழுந்து அது தலையா பூவா என்று சிறு வழக்கு நடந்தது. பாதி வகுப்பு உட்கார்ந்தது. அதில் பாதி உட்கார்ந்தது. மாமனார் இரண்டாவது சுற்றிலேயே அமர்ந்துவிட்டார். ஐந்தாவது சுற்று முடிந்தபோது நின்றுகொண்டிருந்தது ஒரே ஆள். கைடு மேடம்.

வகுப்பே பின்பக்கம் திரும்பியது.

"ஆறாவது பூதாம்மா" என்றார் மாமனார். "வேணும்னா எழுதித் தரேன்."

மேடம் சுண்டினார். தலை.

"அய்யோ!" என்றது வகுப்பு. அவன் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் மாமனார் அசரவில்லை. "பூவுக்குப் பொறுமை ஜாஸ்தி. இன்னொண்ணு போடுங்கம்மா."

மேடம் சுண்டினார். தலை.

"இப்பத்தான் அதுக்குக் கோபம் வருது. பாருங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு!"

மேடம் சுண்டினார். பூ.

கூரை அதிர்ந்தது. மேசையைத் தட்டினார்கள். நர்ஸம்மா விசில் அடித்தாள். மாமனார் எழுந்து இரண்டு கையையும் தூக்கி, தீர்ப்பு வந்துவிட்டது போலக் கூட்டத்தை அமர்த்தினார்.

"பாத்தீங்களா! லேட்டானாலும் நியாயம் ஜெயிச்சுது! என்ன சொல்றீங்க மாப்பிள்ளை?"

நாற்பது முகங்கள் அவன் பக்கம் திரும்பின. அவன் கழுத்து இளகுவதை அவனே உணர்ந்தான். தலை மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. பாதி வழியில் மேடம் தெரிந்தார். கையில் நாணயத்தோடு இன்னும் நின்றுகொண்டிருந்தார். இறங்கிய தலை மேலே ஏறினால் ஆட்டியதாக ஆகிவிடும். எனவே அவன் தலையை அப்படியே நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"தப்பு, மாமா."

அடுத்த விசிலுக்குக் குவிந்த நர்ஸம்மாவின் வாய் அப்படியே நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"தப்பு. அந்தப் பூவும் பாதிக்குப் பாதிதான். நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது மாமா. முன்னாடி என்ன விழுந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. பொறுமையும் கிடையாது, கோபமும் கிடையாது." மடை திறந்துவிட்டது. அடைக்கத் தெரியவில்லை. "ஃப்ரிட்ஜுக்குத் தூக்கமும் கிடையாது. அது ராத்திரி பூரா ஓடணும். அதுக்குத்தான் அத வாங்கினது. தினம் பால் கெட்டுப்போகுது மாமா!"

வகுப்பில் யாரோ களுக்கென்றார்கள். மாமனார் உட்கார்ந்தார். பிறகு, அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். கையைத் தூக்கிக் கேள்வி கேட்டார்.

"அப்ப இத்தன நாள் தலைய ஆட்டுனீங்களே, அது என்ன?"

"மரியாதை, மாமா."

"மரியாதை." அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த மரியாதைய நம்பித்தானே மாப்பிள்ளை இத்தன பேருக்கும் நான் சொல்லிக்குடுத்தேன்? முதல்லயே தப்புன்னிருந்தா நானும் தெரிஞ்சுக்கிட்டிருப்பேன், இவங்களும் தப்பிச்சிருப்பாங்க. படிக்கத்தானே வந்தேன்?"

தலையை ஆட்டினான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் மனமறிந்து ஆட்டியது அது ஒன்றுதான்.

"அந்தக் கேள்விக்கு எனக்கு எத்தன மார்க்?"

"முட்டை, மாமா."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

மாமனார் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப சரி" என்றார். "நியாயம்தான்." பின்னால் திரும்பி அதட்டினார். "குறிச்சுக்கங்க. நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது."

நாற்பது பேனாக்கள் ஓடின.

வகுப்பு கலைந்ததும் மேடம் மேசைக்கு வந்தார். "அடுத்த வருஷமும் நீங்களே எடுங்க" என்றார். வாசல்வரை போய் நின்றார். "எங்க மாமியார் ரொம்ப வருஷமா ஒரு விஷயம் தப்பாச் சொல்லிட்டிருக்காங்க. நான் இன்னும் தலையாட்டிட்டுத்தான் இருக்கேன்."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவன் கேட்டதில்லை. அந்தத் தைரியத்தில் கேட்டான். "மேடம், மூணாம் அத்தியாயம்?"

"பாக்கலாம்."

அன்றிரவு ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டே இருந்தது. காலையில் பால் பாலாகவே இருந்தது. மனைவி காப்பியை அவன் கையில் கொடுத்து, யாரும் பார்க்காதபோது அவன் தலையை ஒரு தட்டுத் தட்டினாள்.

அந்த வாரக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் அடித்தது. சாப்பிடும்போது மாமனார் ஜன்னலைப் பார்த்தார். பழைய பழக்கத்தில், "நாளைக்காவது வெயில்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பாடம் படித்த மாணவனின் அடக்கத்தோடு திருத்திச் சொன்னார்.

"அடிச்சாலும் அடிக்கும், அடிக்காமப் போனாலும் போகும். பாதிக்குப் பாதி. மழைக்கு ஞாபகம் கிடையாது. சரிதானே மாப்பிள்ளை?"

அவன் சோற்றை விழுங்கினான். மனைவி அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மாமா. நாணயத்துக்குத்தான் கிடையாது. மழைக்கு ஞாபகம் உண்டு. இன்னிக்குப் பெஞ்சா நாளைக்கும் பெய்ய வாய்ப்பு அதிகம்."

மாமனார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இதுவும் தப்பா?"

"இதுவும் தப்பு, மாமா."

"வாய் தெறந்தாலும் தெறந்தீங்க!" என்றார் மாமனார். மகளைப் பார்த்தார். "அம்மாடி, அந்தத் தோட்டக்கலைல இன்னும் இடம் இருக்கான்னு கேளு."