ஜெயபாய்க்குப் பின்னால் நின்றவர்கள்

ஜெயபாய்க்குப் பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் அவள் செய்வதையே செய்யத் தொடங்கியது, ராஜபாளையம் ரேஷன் கடையில் பாமாயில் போட்ட ஒரு புதன்கிழமை. தக்காளி கிலோ நாற்பதுக்கு இறங்கியிருந்த வாரம் அது. வரிசையில் முதல் ஆளாக நின்றவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். பின்னால் நின்ற மொத்த வரிசையும் கழுத்தைத் துடைத்தது. முந்தானை இல்லாத ஆண்கள் சீனி வாங்கக் கொண்டுவந்த பையால் துடைத்துக்கொண்டார்கள். அவள் திரும்பி முறைத்தாள். அவர்களும் திரும்பி, ஆளில்லாத ரோட்டை முறைத்தார்கள். கடைக்காரர் அடுத்த கார்டை வாங்கினார்.

இது விலாசம் மாறி வந்த வரம் என்பதுதான் ஊரின் கருத்து. வந்திருக்க வேண்டியது அவள் மகள் ஷெரினுக்கு. கல்லூரியில் படிக்கிற ஷெரின், கொரியப் பாட்டு வீடியோக்களே கதி என்று கிடந்தவள். நான்கு தோழிகளைச் சேர்த்துக்கொண்டு, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் செல்போனைச் சாய்த்துவைத்து, சாயங்காலம் தவறாமல் ஆடினாள். ஐந்து பேர் கையும் ஒரே ஆளின் கை போல எழும்ப வேண்டும், அதுதான் அந்த ஆட்டத்தின் உயிர். இவர்களுக்கு அது ஒன்றுதான் வரவில்லை. காய்ந்த துணி எடுக்கிற சாக்கில் தினமும் படியேறி வந்து திட்டிய ஜெயபாய்க்கு, திட்டித் திட்டியே எல்லா அடியும் மனப்பாடம் ஆகிவிட்டது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் பஸ் ஏறி, சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று தோழிகளின் வீடு வீடாகப் போய், "ஒங்க பிள்ள மாடியில நின்னு இடுப்ப ஆட்டுதா, பாத்துக்கிடுங்க" என்று வத்தி வைத்துவிட்டு வந்தாள். கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாஷ்யம், மகள் நாராயணியின் போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினார். குழு கலைந்தது. அன்றோடு ஷெரின் அம்மாவிடம் பேசுவதை நிறுத்தினாள். சோறு போதும் என்பதைக்கூட அப்பா ஐயாதுரை வழியாகத்தான் சொல்லி அனுப்பினாள். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க ஜெயபாய் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பாக வைத்துப் பார்த்தாள். குழம்பு தீர்ந்தது, வார்த்தை வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊர் அவளுக்குப் பின்னால் ஆடியது. அவள் பேண்டேஜ் துணி மில்லில் சூப்பர்வைசர். முதலாளி வைகுண்டராஜ் சமயம் பார்த்து, துணி மடிக்கிற பெண்களுக்கு முன்னால் அவளை மடிக்கவிட்டார். வேலை இரண்டு மடங்கு நடந்தது. ஒருநாள் அவளுக்கு விக்கல் எடுக்க, மொத்தப் பேரும் விக்கி சரக்கு நின்றது. முதலாளி அதைத் தொழிலில் வருகிற ஏற்ற இறக்கமாக எடுத்துக்கொண்டார். சர்ச்சில் ஜெபத்தின் நடுவே அவள் கொட்டாவி விட, சபையே கொட்டாவி விட்டது. போதகர் அவளை முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்கு மாற்றினார். வீட்டில் ஷெரின் மட்டும் அம்மாவுக்குப் பின்னால் வந்துவிடாமல் சுவரோரமாகவே நடந்தாள்.

"ஏட்டி, அவ கூட்டத்தக் கலைச்ச. இப்பம் ஒனக்குப் பின்னால ஊரே கூட்டமா நிக்குது" என்றார் ஐயாதுரை. ஜெயபாய்க்குச் சுருக்கென்றது. செய்தது தப்பு என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபம் ஒன்றில் கொரிய நடனப் போட்டி வந்தது. குழுவில் ஐந்து பேராவது வேண்டும். குழு கலையுமுன் கொடுத்த பெயரை வாபஸ் வாங்காமல் ஷெரின் தனியாகவே மேடையேறினாள். மைக் பிடித்தவர் கையை விரித்தார். மேடையின் பின்பக்கம், நம் ஊர் வழக்கப்படி, பொன்னாடை போர்த்திய பெரியவர்கள் நாற்காலிகளில் வீற்றிருந்தார்கள்: எதற்குத் தலைமை என்று கேட்காமலே ஒத்துக்கொண்ட பாஷ்யம், கோப்பை நன்கொடை கொடுத்த வைகுண்டராஜ், இன்னும் சிலர். மகளுக்குத் தெரியாமல் வந்து கடைசி வரிசையில் இருந்த ஜெயபாய் எழுந்து மேடைக்கு வந்தாள். முன்னால் நின்றால் மகளும் தன் பொம்மையாகிவிடுவாள் என்பது அவளுக்குத் தெரியும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மகளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"ஏட்டி, நீ ஆடு. நான் பின்னால நிக்கேன்."

பாட்டு தொடங்கியது. ஷெரின் கையைத் தூக்கினாள். ஜெயபாய் தூக்கினாள். நாற்காலிகளைத் தள்ளிவிட்டுப் பெரியவர்கள் அத்தனை பேரும் தூக்கினார்கள். பொன்னாடைகள் ஒன்றுபோலப் பறந்தன. பாஷ்யத்தின் இடுப்பு அவர் பூட்டிவைத்த போனுக்குள் ஆடிய இடுப்புகளைவிட நன்றாகவே ஆடியது. மாடியில் ஒருநாளும் வராத அந்த ஒரே கை அன்று மேடையில் எழும்பியது. முதல் பரிசு அவர்களுக்குத்தான். வைகுண்டராஜ் கோப்பையைக் கொடுத்துவிட்டு, தானும் குழுவில் ஒருவர் என்பதால், இந்தப் பக்கம் வந்து நின்று அதை வாங்கவும் செய்தார்.

திரும்பும்போது தென்காசி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உள்ள முதல் சீட்டுதான் காலி. வேறு வழியில்லாமல் ஜெயபாய் அதில் உட்கார்ந்தாள். ஷெரின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "யம்மா, ரெண்டாவது சுத்துல ஒனக்கு இடது கை பிந்துது. நாளைக்கிச் சாயங்காலம் மாடிக்கு வா, சொல்லித் தாரேன்."

ஜெயபாய் அழுதாள். பின்னால் பஸ் முழுவதும் அழுதது. மடியில் பால்கோவாப் பொட்டலம் வைத்திருந்தவர்கள் அதன்மேலேயே கண்ணீர் விட்டார்கள்; கண்டக்டர் தேம்பிக்கொண்டே டிக்கெட் கிழித்தார். "முன் சீட்டுல ஜெயபாய் இருக்காவ" என்று உள்ளூர்க்காரர்கள் விக்கி விக்கி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. பின்னால் இல்லாமல் பக்கத்தில் இருந்தும் ஷெரின் அழுதாள். அது அவளுடைய சொந்த அழுகை. டிரைவர் ஒருவர்தான் ஜெயபாய்க்கு முன்னால் இருந்தார். அவர் வழக்கம்போல ராஜபாளையம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார்.