வலது கீழ் மூலை

காலை ஒன்பதரை மணிக்கு டிவியில் படம் போனது. சத்தம் போகவில்லை. சோப்பு விளம்பரத்தில் ஒரு பெண் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். திரை சட்டென்று கறுத்துவிட, சிரிப்பு மட்டும் தொடர்ந்து கேட்டது. கண்டக்டர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ரிமோட்டைத் தேடினார். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். சானலை மாற்றினார். அணைத்துப் போட்டார். சுவரில் பிளக்கைப் பிடுங்கி, நூறு வரை எண்ணி, மறுபடி செருகினார். வேறு சானலில் வேறு ஆள் பேசினான், இருட்டுக்குள்ளிருந்து.

"இன்னைக்குன்னு பார்த்து நீ போக்குக் காட்டணுமா" என்றார் டிவியைப் பார்த்து.

அன்று மாலை ஐந்து மணிச் செய்தியில் அவர் மகள் வரப்போகிறாள். செய்தி வாசிக்க அல்ல. காது கேளாதவர்களுக்காகத் திரையின் வலது கீழ் மூலையில், ஒரு சின்னக் கட்டத்துக்குள் நின்று, வாசிப்பவர் சொல்வதை எல்லாம் கையால் சொல்லும் வேலை. முதல் நாள். புது ஊரில் துணைக்கு இருக்கட்டும் என்று மனைவியும் பத்து நாள் முன்பே அவளோடு கிளம்பிவிட்டாள். வீட்டில் மிச்சம் அவரும் பெரியவனும்.

பெரியவனுக்குக் காது கேட்காது. இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அதை எடுத்துக்கொண்டு போயிற்று. இப்போது முப்பத்து நான்கு வயது. துணி ஆலையில் தையல் மெஷின்களைச் சரிபார்க்கும் மெக்கானிக். அவனுடைய கைப்பேச்சைத் தங்கைதான் தவழும் வயதிலேயே பிடித்துக்கொண்டாள். அம்மாவும் அரைகுறையாகக் கற்றுக்கொண்டாள். கண்டக்டருக்கு மட்டும் அது வரவே இல்லை. விடிவதற்கு முன் முதல் வண்டிக்குப் போய், கடைசி வண்டியில் திரும்புகிறவர். நாள் முழுக்க நிறுத்தங்களின் பெயரைக் கத்திக் கத்தி வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கவே அலுப்பாக இருக்கும். கையை அசைப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். "அவன்கிட்டச் சொல்லு" என்று மகளிடம் சொல்வார். அவள் சொல்வாள். "அவன் என்ன சொல்றான்" என்பார். அதையும் அவள் சொல்வாள். இப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. இந்தப் பத்து நாளும் அப்பாவும் மகனும் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி மரியாதையாக நடமாடினார்கள். சாப்பாடு வேண்டுமா, வேண்டாமா, கதவைப் பூட்டியாயிற்றா. அதற்கு மேல் போகவில்லை.

பெரியவன் குளித்துவிட்டு வந்தான். இன்று பார்ப்பதற்காகவே லீவு எடுத்திருந்தான். கறுத்த திரையைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், மின்விசிறி சுற்றுகிறதா என்று அண்ணாந்து பார்த்தான். டிவி மொத்தமாகப் போய்விட்டது என்று நினைக்கிறான் என்பது கண்டக்டருக்குப் புரிந்தது. இல்லை, சத்தம் வருகிறது என்று இவனுக்கு எப்படிச் சொல்வது? "சத்தம், சத்தம்" என்று வாயை அகலமாகத் திறந்து சொன்னார். அவன் புருவத்தைச் சுருக்கினான். கடைசியில் அவனுடைய கையைப் பிடித்து இழுத்துப் போய், டிவியின் அடியில் ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பெரியவன் உள்ளங்கையில் அதிர்வைத் தேடினான். பிறகு தலையை ஆட்டினான். முகம் வேலைக்குப் போகிற முகமாக மாறியது. மகன் கையைத் தான் பிடித்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்த கண்டக்டர், சங்கடப்பட்டுக் கையை விட்டார்.

டிவி ரிப்பேர் கடைக்காரருக்குப் போன் செய்தார். அவர் வந்து, திரையை விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ளே வரிசையா குட்டிக் குட்டி லைட்டு இருக்குங்க. அதுல ஒண்ணு போனாலும் மொத்தமும் இருட்டிடும். கடைக்குத் தூக்கிட்டுப் போகணும். மூணு நாள் ஆகும்."

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு வேணுமே."

"எதிர் வீட்டுல பார்த்துக்குங்க சார். அரை மணி நேரச் சமாச்சாரம்."

கண்டக்டருக்கும் அது சரி என்றுதான் பட்டது. கடைக்காரர் போனதும் எதிர் வீட்டைக் கையால் காட்டி, கண்ணைக் காட்டி, ஐந்து விரலையும் காட்டினார். பெரியவன் மாட்டேன் என்று தலையசைத்தான். போனை எடுத்துக் காட்டினார். அவன் அதை வாங்கி, பழைய செய்தி ஒன்றை ஓடவிட்டு, மூலையில் இருந்த கட்டத்தின் மேல் தன் சுண்டுவிரல் நகத்தை வைத்தான். கட்டம் நகத்துக்குள் மறைந்துவிட்டது. அதற்குள் நின்று ஒருவர் ஆட்டும் விரலை யாரால் படிக்க முடியும்? பிறகு அவன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினான். 'அங்கே எல்லாரும் என்னைத்தான் பார்ப்பாங்க. நான் அவளைப் பார்க்கணும்.'

கண்டக்டர் அதை இரண்டு தடவை படித்தார். உள்ளே போய், கட்டிலில் கிடந்த துணிகளை எல்லாம் வாரி நாற்காலியில் போட்டுவிட்டு, துவைத்த போர்வை ஒன்றை விரித்தார். டிவியைப் படுக்க வைக்க ஓர் இடம் வேண்டுமே.

பின்மூடியைக் கழற்றுவது சுலபமாக இருந்தது. கழற்றிய திருகாணிகளைப் பெரியவன் சாப்பாட்டுத் தட்டில், எங்கிருந்து எடுத்தானோ அதே வரிசையில் அடுக்கினான். ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்துக்கொண்டான். ஒயர்களைக் கழற்றினான். அதன் பிறகுதான் கண்ணாடி. அவ்வளவு பெரிய டிவிக்குள் படம் காட்டுகிற சாமான் இவ்வளவு மெல்லிசா என்று கண்டக்டர் குனிந்து பார்த்தார். நான்கு மூலையையும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு என்றால் அவனுக்குக் கேட்காது. அவன் முகத்தைப் பார்த்துத் தூக்கினால் கண்ணாடியைப் பார்க்க முடியாது. பெரியவன் தூக்கிவிட்டான், இவர் அரை நொடி பிந்திவிட்டார். கண்ணாடி இவர் பக்கம் வளைந்து, எங்கோ 'நறுக்' என்றது.

அந்தச் சத்தம் ஒருவருக்குத்தான் கேட்டது. பெரியவன் கண்ணாடியைப் போர்வையில் இறக்கி, நிம்மதியாகச் சிரித்தான். கண்டக்டர் சிரிக்கவில்லை. சொல்லலாமா, எப்படிச் சொல்வது, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மனசுக்குள்ளேயே உழப்பிக்கொண்டு சும்மா நின்றார்.

கண்ணாடிக்கு அடியில் மூன்று வெள்ளைத் தாள்கள். அவற்றுக்கும் அடியில், அகலத்துக்கு ஆறு பட்டைகள். ஒவ்வொன்றிலும் பொத்தான் அளவுக்கு விளக்குகள். பெரியவன் ஆலையிலிருந்து கொண்டுவந்திருந்த மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒவ்வொரு விளக்காக வைத்துக்கொண்டே போனான். நல்லது மினுக்கென்று எரிந்து காட்டியது. ஐந்து பட்டைகள் முழுக்க எரிந்தன. கடைசிப் பட்டையின் வலது ஓரத்தில் இரண்டு எரியவில்லை. அவன் அந்த இரண்டையும் கண்டக்டருக்குக் காட்டி, கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினான். செத்துவிட்டதாம். புது விளக்கு வாங்கக் கடை தேட நேரமில்லை. செத்ததைத் தாண்டி மின்சாரம் போகட்டும் என்று இரண்டின் மேலும் பொடி ஒயரை வைத்துப் பற்றவைத்தான். ஈயம் உருகும்போது அவன் மூச்சு விடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டரும் விடவில்லை.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி முடிக்க மணி மூன்றாகிவிட்டது. மதியம் சாப்பிட வேண்டும் என்ற நினைப்பே இருவருக்கும் வரவில்லை. டிவியை நிமிர்த்திச் சாய்த்து வைத்துச் சுவிட்சைப் போட்டபோது படம் வந்தது. கண்டக்டர் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். இடது பக்கம் மேலிருந்து கீழாக நூல் போல ஒரு பச்சைக் கோடு ஓடியது. அது எந்தச் சத்தத்தில் வந்தது என்று அவருக்குத் தெரியும். அது போகட்டும். படம் வந்துவிட்டதே.

பெரியவன் சந்தோஷப்படவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, வலது கீழ் மூலையில் விரலை வைத்தான். அங்கே மட்டும் ஒரு தட்டு அளவுக்கு இருட்டு. மூன்று மணிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கட்டம் இருக்க வேண்டிய இடத்தில் நிழல் ஒன்று நெளிந்தது. கையும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை.

இவ்வளவு பெரிய திரையில் எத்தனையோ இடம் இருக்க, அங்கேயா போக வேண்டும்? கண்டக்டர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, டிவி நல்லா தெரியுதுல்ல? அவளுக்கு இப்பத்தான் பவுடர் போட்டுவிட்டாங்க. ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கறா."

"தெரியுது, தெரியுது."

"பெரியவன் என்ன பண்றான்?"

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். பெரியவன் பின்மூடியின் திருகாணிகளை மறுபடி கழற்றிக்கொண்டிருந்தான்.

"வேலையா இருக்கான். அப்புறம் பேசறேன்."

போனை வைத்துவிட்டு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தார். வேண்டாம் என்று ஆட்டினார். மறுபடி பிரித்தால் கண்ணாடி தாங்காது, கோட்டோடு நிற்காது. "வந்த வரைக்கும் போதும்டா" என்றார். அவன் உதட்டைப் படித்திருக்க வேண்டும். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, காகிதத்தில் ஆறு கோடு கிழித்தான். ஆறாவது கோட்டின் ஓரத்தில் ஒரு பொட்டு. அந்தக் கோட்டுக்கும் முதல் கோட்டுக்கும் இடையே அம்புக்குறி போட்டான். கீழே இருப்பதைத் தூக்கி மேலே வைத்துவிட்டால் இருட்டு மேலே போய்விடும். மேலே சானலின் முத்திரை மட்டும்தான் இருக்கும். அது தெரியாவிட்டால் யாருக்கு என்ன? கண்டக்டருக்குப் புரிந்தது. பயம் மட்டும் போகவில்லை.

அவர் அவனைத் திரைப் பக்கம் திருப்பி, பச்சைக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். பிறகு தன் நெஞ்சில் கை வைத்தார். நான்தான். காதைத் தொட்டு, இரண்டு விரலால் குச்சி முறிப்பது போல் செய்தார். எனக்குக் கேட்டது, உனக்குச் சொல்லவில்லை. அவன் கோட்டையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தார். அவன் தோளைக் குலுக்கிவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக் கண்ணாடியின் அந்தப் பக்கத்திலேயே மறுபடி வைத்தான்.

மணி மூன்றே முக்கால். இந்தத் தடவை தப்பக் கூடாது. எப்படிச் சேர்ந்து தூக்குவது என்று கண்டக்டர் யோசித்தார். கண்ணால் முடியாது, காதால் முடியாது. கட்டிலின் பலகை அவர் முட்டியில் இடித்துக்கொண்டிருந்தது. முப்பது வருடம் பஸ்ஸின் தகரத்தில் தட்டித்தான் அவர் வண்டியை எடுக்கச் சொன்னார். டிரைவர் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. முட்டியால் பலகையை ஓங்கி இரண்டு தட்டு தட்டினார். எதிர்ப் பக்கம் பலகையில் தொடையைச் சாய்த்து நின்ற பெரியவன் நிமிர்ந்தான். இன்னொரு தடவை தட்டிக் காட்டி, கையை உயர்த்தினார். அவன் தலையாட்டினான்.

தட், தட். கண்ணாடி வளையாமல், ஒரு முனகல்கூட இல்லாமல் எழுந்து வந்தது.

பட்டைகளை உரிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பசை பிடித்திருந்தது. பெரியவன் ஆலையில் கத்தரித்த நூல்களைக் கிளறும் தட்டைக் கத்தியை அடியில் விட்டு, அங்குலம் அங்குலமாக நெம்பினான். வியர்வை சொட்டி வெள்ளைத் தாளில் விழுந்துவிடக் கூடாதே என்று கண்டக்டர் துண்டை வைத்துக்கொண்டு அவன் நெற்றியைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தார். தாள்களை வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக அவரே எடுத்துக் கொடுத்தார். ஒரு தடவை அவன் தவறான தாளுக்குக் கை நீட்ட, இவர் முட்டியால் பலகையை ஒரே ஒரு தட்டு தட்டினார். நிறுத்து. அவன் நிறுத்தினான். அவனும் தட்டிப் பதில் சொல்ல ஆரம்பித்தான். திருப்புளி வேண்டுமென்றால் ஒன்று. சரி என்றால் இரண்டு.

சுவரில் மாட்டும்போது மணி ஐந்தாக மூன்று நிமிடம். பின்மூடியில் பாதித் திருகாணி தட்டிலேயே கிடந்தது.

படம் வந்தது. மேலே வலது ஓரத்தில் இருட்டு. கீழே பளிச்சென்று இருந்தது.

இசை கேட்டது, செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னார். கட்டத்துக்குள் கறுப்புச் சட்டையில் அவர் மகள் நின்றாள். உள்ளங்கை அகலம்தான் இருந்தாள். முதல் இரண்டு நிமிடம் விரல்கள் அவசரப்பட்டன, கண்டக்டருக்கே தெரிந்தது. பிறகு நிதானம் வந்துவிட்டது. எங்கோ பாலம் கட்டினார்கள், எங்கோ பள்ளி திறந்தார்கள், யாரோ ஜெயித்தார்கள். இவர் காதால் கேட்டதை எல்லாம் பக்கத்தில் இருந்தவன் கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு செய்திக்கு இருவரும் ஒரே நேரத்தில் 'ச்' கொட்டினார்கள். கண்டக்டர் திரும்பி மகனைப் பார்த்தார். அவன் இவரைப் பார்க்கவில்லை. அவன் கண்ணைக் கட்டத்திலிருந்து யாராலும் பிடுங்கியிருக்க முடியாது.

ஐந்தரைக்கு வாசிப்பவர் விடைபெற்றார். இசை எழுந்தது. வாசிப்பவர் காகிதங்களை அடுக்கினார். கட்டத்தில் மகள் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். பிறகு, படம் மறைவதற்கு ஒரு நொடி முன்னால், வலது கையைக் காதின் பின்னால் கொண்டுபோய் எதையோ உருவி எடுத்து, இடது உள்ளங்கையில் சட்டென்று ஒரு கிறுக்கு கிறுக்கினாள். படம் மறைந்தது.

பெரியவன் தொடையில் அடித்துக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தான்.

"என்னது அது? இப்ப நியூஸ்ல ஒண்ணும் சொல்லலையே" என்றார் கண்டக்டர். கேட்டுவிட்டுத்தான் உறைத்தது, இவர் காதில் விழாத ஒன்று இவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் தோளைத் தொட்டார். காதின் பின்னால் கையைக் கொண்டுபோய், விரலை விரித்து, என்ன என்று கேட்டார்.

பெரியவன் ஆள்காட்டி விரலை நீட்டி அவர் நெஞ்சில் வைத்தான்.

முதலில் விளங்கவில்லை. பிறகு மெல்ல விளங்கியது. வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் பேனா காதின் பின்னால்தான் இருந்தது. டிக்கெட் கணக்கு எழுத அங்கிருந்துதான் உருவுவார். பிள்ளைகள் இருவருக்கும் நடுவே, இந்த வீட்டுக்குள்ளேயே, கைப்பேச்சில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது.

"எப்பலேர்ந்துடா?" என்றார்.

அவன் உதட்டைப் படித்தான். கையைக் கட்டிலின் உயரத்துக்குத் தாழ்த்தி, இவ்வளவு உயரத்தில் அவள் இருந்தபோதிலிருந்து என்று காட்டினான்.

டிவியில் விளம்பரம் ஓடியது. கண்டக்டர் வலது கையைத் தூக்கிக் காதின் பின்னால் கொண்டுபோனார். இல்லாத பேனாவை ஐந்து விரலாலும் பிடித்து உருவினார். பெரியவன் இல்லை, இரண்டு விரல்தான் என்று தலையசைத்து, ஈயம் சுட்டுச் சிவந்திருந்த விரல்களால் அவருடைய கையைப் பிடித்து, மடங்க மறுத்த மூன்று விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே மடக்கினான்.