பதின்மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டரில் ஒரு சமாதானம்

1.
ஒரு டிராவல்ஸ் காலண்டரின் பின்பக்கம் படித்ததுதான் இந்தக் கதைக்கு மூலம். கோயம்புத்தூர்–டொரண்டோ: நேர்க்கோட்டில் சுமார் 13,500 கி.மீ. பம்பாயிலும் லண்டனிலும் மாறிப் போனால் முப்பத்து நாலு மணி நேரம். இவ்வளவு தூரத்துக்கு ஒரு சண்டையாவது வேண்டாமா என்று தோன்றியது.

2.
அஃப்ஷீன் பீளமேட்டுக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். (முதலில் நர்ஸாக எழுதினேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.) ஆறு மாதம் முன்பு நிக்காஹ் முடிந்து சஹீர் டொரண்டோ போய்விட்டான். விசா வந்தும் இவள் கிளம்பவில்லை. "எனக்கு இங்க வேலை இருக்குதுங்க, நீங்க வாங்க" என்றாள். "எனக்கும் இங்க வேலைதானே" என்றான் அவன். பத்து நாளாகப் போன் இல்லை.

1995 நவம்பர், ஒரு வெள்ளிக்கிழமை. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, அவனிடம் மூச்சுவிடாமல், மதியம் இரண்டு மணிக்கு விமானம் ஏறினாள். சனி மதியம் ஒன்றரைக்கு இறங்கினாள்.

(அச்சுப் பிழையல்ல. டொரண்டோ கடிகாரம் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். கணக்கு டீச்சரே இரண்டு முறை விரல் விட்டுப் பார்த்தாள்.)

3.
கதவைத் திறந்தவர் அறைத் தோழர் நஞ்சுண்டன், வெள்ளகோவில்காரர். அவளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, அவரு உங்களப் பார்க்கோணும்னு நேத்து சாயங்காலந்தானுங்க கோயம்புத்தூருக்குக் கெளம்புனாரு."

அஃப்ஷீன் பெட்டி மேலேயே உட்கார்ந்தாள். முதலில் அழுகை வந்தது. பாதியில் அது சிரிப்பாகிவிட்டது.

4.
கணக்குப் போட்டுப் பார்த்தேன். லண்டனில் மூன்று மணி நேரம் இருவரும் ஒரே விமான நிலையத்தில் இருந்திருக்கிறார்கள். 'அஃப்ஷீன் திரும்பிப் பார்த்தாள், அங்கே சஹீர்' என்று எழுதி, அடித்துவிட்டேன். அந்த நேரம் அவள் ஒரு மூலை நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனசில்லை.

5.
ஞாயிறு விடியலில் போன் அடித்தது. அங்கே கோயம்புத்தூர் கோட்டைமேட்டில் மாலை நாலு மணி.

"எங்க இருக்கீங்க?" என்றாள் அஃப்ஷீன்.

"உங்க ஊட்லதான். உங்கம்மா தட்டுல மூணாந்தடவை பிரியாணி வெச்சுப்போட்டாங்க."

"நான் வேலைய விட்டுப்போட்டேன்."

 "நானுந்தான்" என்றான் சஹீர்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு நிற்பதாயில்லை. அஃப்ஷீனின் அம்மா சாஜிதா பேகம் ரிசீவரைப் பிடுங்கினார். "மாப்பிள்ள இங்க, நீ அங்க. ஆரு வர்றீங்க, ஆரு இருக்கறீங்கன்னு சொல்லிப்போடு கண்ணு. நான் அரிசி ஊறப்போடோணும்."

"நான் வாரேன்," என்றாள் அஃப்ஷீன்.

"நான் வாரேன்," என்றான் பின்னாலிருந்து சஹீர், அதே நொடியில்.

6.
இருவரில் ஒருவரை நான் நிறுத்தியாக வேண்டும். யாரை நிறுத்தினாலும் அந்த ஊர்தான் அவர்களுடைய ஊர். மூன்று நாளாகப் பேனாவை மூடி வைத்திருக்கிறேன். இருவருமே எனக்கு வேண்டியவர்கள். நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். இரண்டு ஊரிலும் பெட்டிக்குள் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.