பல் செய்கிறவர் வீட்டில் ஒரு பல் குறைந்தது

எங்கள் வீட்டில் பல்லுக்குப் பஞ்சமே கிடையாது. மேசை இழுப்பறையைத் திறந்தால் பல், சட்டைப் பையைத் துழாவினால் பல். ஒருமுறை துணி துவைக்கிற மெஷினுக்கு அடியிலிருந்து இரண்டு கடைவாய்ப் பற்களைக் கூட்டி எடுத்திருக்கிறேன். என் கணவருக்குப் பல் செட் செய்கிற வேலை. வாயைப் பார்ப்பவர் டாக்டர். அந்த வாய்க்கு வேண்டிய பல்லை மெழுகில் அடுக்கிக் கொடுப்பவர் இவர். ஊரில் பாதிப் பேர் தன் கையால் செய்த பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள் என்று பெருமையடித்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் பெற்ற பெண்ணுக்கு எட்டு மாதம் முடிந்தும் ஒரு பல்கூட வரவில்லை. நாங்கள் அவளைக் கூப்பிடுவதே பொக்கை என்றுதான்.

வராத அந்தப் பல்தான் எங்களை ஆட்டிவைத்தது. பகலெல்லாம் ஜொள்ளு ஒழுகவிட்டுக்கொண்டு, நாற்காலிக் காலிலிருந்து என் தோள்பட்டை வரை எல்லாவற்றையும் ஈறால் கடித்துப் பார்த்தபடி சமர்த்தாகத்தான் இருப்பாள். விளக்கை அணைத்ததும் ஆரம்பித்துவிடுவாள். படுக்கவைத்தால் அழுகை, உட்காரவைத்தால் அழுகை. தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் மட்டும் போனால் போகிறது என்று கொஞ்சம் நிறுத்துவாள். குளிர்ந்த கரண்டி, ஈரத்துணி, ஃபிரிட்ஜில் வைத்த ரப்பர் வளையம், கழுவிய விரலால் ஈறைத் தேய்த்துவிடுவது எல்லாம் செய்து பார்த்தாயிற்று. ஈறில் தடவ மருந்து கேட்டதற்குக் குழந்தை டாக்டர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் நாத்தனாரோ போனில், "என் பையனுக்குப் பல்லு முளைச்சதே எனக்குத் தெரியாது அண்ணி" என்றாள். அவளுக்கு வீடு இடிந்து விழுந்தாலும் தெரியாது. நினைத்துக்கொண்டேனே தவிர, சொல்லவில்லை.

எனக்கு பஸ் ஓட்டுகிற வேலை. பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. போன வாரம் சிக்னலில் நின்ற என் பஸ், பச்சை விழுந்தும் நின்றுகொண்டே இருந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் நான் எங்கே இருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. வண்டி நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு கண்ணயர்ந்திருக்கிறேன். மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னதும், "இனிமே ராத்திரி அவள நான் பாத்துக்கறேன்" என்றார். என்ன பிரயோசனம்? அழுகை எல்லா அறைக்கும் பொதுவானதாயிற்றே. கீழ்வீட்டுக்கும் பொது. கீழே குடியிருக்கிற தச்சர் விடியுமுன்பே வேலைக்குக் கிளம்புகிறவர். பொறுக்கமுடியாமல் போனால் துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிப்பார். எங்கள் காலுக்குக் கீழே டொக் டொக் என்று கேட்கும்.

அன்றைக்கு இவர் ஒரு முழு செட்டை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். மேலும் கீழுமாக இருபத்தெட்டுப் பல். மறுநாள் காலையில் டாக்டர் கையில் இருந்தாகவேண்டுமாம்.

"வேலைய வீட்டுக்குத் தூக்கிட்டு வராதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"கீழ் வரிசைதாம்மா பாக்கி. இந்த மெழுகு கைச்சூட்டுக்கே இளகிடும், உருக்கற விளக்குகூடக் கொளுத்த வேணாம். இந்தத் தோள்ல இவ, அந்தக் கையில வேலை. நீ போய்ப் படு. காலையில வண்டி எடுக்கணும்ல?"

பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, பொக்கையை இடது தோளில் சாய்த்து, வலது முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். நல்லதற்கில்லை என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் சண்டை போடவும் ஒரு தெம்பு வேண்டுமே. போய் விழுந்தவள்தான்.

என்னை எழுப்பியது சத்தம் இல்லை, சத்தம் இல்லாததுதான். இருட்டில் கண்ணைத் திறந்தபோது வீடு அப்படியொரு அமைதியாக இருந்தது. தொட்டிலில் பொக்கை மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தோளில் இல்லை, மடியில் இல்லை, தொட்டிலில்! எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. இவரைப் பாராட்டி இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று சமையலறைக்குப் போனேன். மனிதர் மேசைக்கு அடியில் நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தார். கையில் செல்போன் வெளிச்சம்.

"என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ படு."

"ஒண்ணுமில்லாததயா தேடறீங்க?"

"ஒரு ஸ்க்ரூ விழுந்துடுச்சு."

பொய் சொல்லத் தெரியாத மனிதர். சொன்னால் காது சிவந்துவிடும். செல்போன் வெளிச்சத்தில் அந்தக் காதைப் பார்த்தேன். பிறகு மேசையைப் பார்த்தேன். மெழுகில் கீழ் வரிசை அழகாக அடுக்கியிருந்தது, நட்டநடுவில் ஒரு ஓட்டையோடு. கடையிலிருந்து பல் ஒட்டி வந்த அட்டையிலும் அந்த இடம் காலி.

"அந்தப் பல்லு எங்கங்க?"

அவர் எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே சொன்னார். "கடைசியா அதத்தான் எடுத்து வச்சேன். இவ கைய நீட்டி நீட்டி மேசையில இருக்கறத இழுத்துக்கிட்டே இருந்தா. நான் ஒரு நிமிஷம் கண்ண மூடிட்டேன்போல. முழிச்சுப் பாத்தா இவ தூங்கியிருக்கா, சந்தோஷமா கொண்டுபோய்ப் போட்டுட்டேன். திரும்பி வந்து பாத்தா பல்லக் காணோம்."

கீழ் முன்பல். இருப்பதிலேயே சின்னது அதுதான், வேர்க்கடலைப் பருப்பில் பாதிகூட வராது. எட்டு மாதப் பிள்ளை கையில் எது கிடைத்தாலும் அடுத்த நிமிஷம் எங்கே போகும் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

"முழுங்கிட்டாளா?"

"தெரியல."

"முழுங்கியிருந்தாப் பரவால்ல, வெளிய வந்துடும். மூச்சுக்குழல்ல போயிருந்தா?"

"கத்தாதே. எழுந்துடுவா."

"நான் எங்க கத்தறேன்?" உண்மையில் நான் கத்தவில்லை. அன்றைக்கு நாங்கள் போட்ட சண்டை மொத்தமும் குசுகுசுவென்றுதான். புலியையும் பாம்பையும் ஒரே அறையில் அடைத்த மாதிரி சீறிக்கொண்டே தேடினோம். அடுப்புக்குக் கீழே, குப்பைக்கூடையில், அவருடைய பைகளில், என் செருப்புக்குள். பொக்கையின் போர்வையை நூல் நூலாகத் தடவினேன். அவள் இடது கை மூடியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். உள்ளே ஸ்வெட்டர் நூல் கொஞ்சம், பிசுபிசுவென்று எச்சில்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் மெல்லிசாக ஒரு விசில்.

"இது என்னங்க சத்தம்?"

அவர் தொட்டில்மேல் குனிந்து காதை வைத்தார். "எப்பவும் இப்படித்தானே தூங்குவா?"

"அப்படியா?"

"உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்கே தெரியவில்லை. அவள் அழுகையில் பசி எது, தூக்கம் எது, வீம்பு எது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அவள் நிம்மதியாகத் தூங்கினால் மூச்சு எப்படி இருக்கும் என்பது மட்டும் மறந்தே போயிருந்தது. தூங்கவே இல்லையே! எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எழுப்பலாம்" என்றேன்.

"நல்லா மூச்சு விடறா. நிறமும் மாறல. எழுப்பினா அழுவா, அழும்போது உள்ள இழுத்துட்டா?"

"எழுப்பாம இருந்து, காலையில எழுந்திருக்கலேன்னா?"

எந்தத் தூக்கத்துக்காக அத்தனை இரவும் தவம் கிடந்தோமோ, அதை நாங்களே கலைக்கவேண்டியதாயிற்று. விளக்கைப் போட்டேன். அவளைத் தூக்கி மடியில் சாய்த்துக் கன்னத்தைத் தட்டினேன். முகத்தைச் சுளித்தாள், கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி தட்டினேன், கொஞ்சம் பலமாகவே. உதடு பிதுங்கியது, வாய் மெல்லத் திறந்தது.

கீழ் ஈறில், எச்சிலுக்கு நடுவே, வெள்ளையாக ஒன்று மின்னியது.

"இருக்கு!" என்றார் அவர். "வாயிலதான் இருக்கு! அசையாம பிடி."

"தள்ளிடாதீங்க! உள்ள தள்ளிடாதீங்க!"

"முன்னாடிதான் இருக்கு. கண்ணுக்குத் தெரியுது." விரல் நுனியைப் பக்கவாட்டில் கொடுத்து அதை வெளியே நெம்பினார். வரவில்லை. நகத்தைக் கொடுத்தார். வரவில்லை. பொக்கை கண்ணை முழுசாகத் திறந்து எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வீடு அதிர வீறிட்டாள். கீழேயிருந்து டொக் டொக்.

"என்னாச்சு? ஏன் வரமாட்டேங்குது?"

அவர் விரலை எடுக்காமல் அப்படியே இருந்தார். முகம் ஒருமாதிரி ஆயிற்று. விரல் நுனியால் அதன் விளிம்பை ஒருமுறை தடவினார், திரும்பவும் தடவினார். பொக்கை அந்த விரலைக் கடித்தாள்.

"இது வராது" என்றார்.

"ஏன்?"

"ரம்பம் மாதிரி இருக்கு. நான் வைக்கற பல்லு விளிம்பு வழவழன்னு இருக்கும். புதுசா முளைக்கறதுதான் இப்படி." என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதுக்கு வேர் இருக்கும்மா."

நானும் என் விரலை வைத்துப் பார்த்தேன். கூர்மையாக, அவளுக்கே அவளுக்கென்று ஒரு பல். ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த நிம்மதியில்தான் தூங்கியிருக்கிறாள் பாவி. நான் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். ஒரு முத்தம் கொடுக்கிற நேரம்தான் அந்தச் சந்தோஷம் இருந்தது.

"அப்போ அந்தப் பல்லு எங்க?"

அவர் தன் பைகளை மறுபடி துழாவினார்.

"கிளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துடலாம்."

"எக்ஸ்ரேல தெரியாது." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அது பிளாஸ்டிக். எலும்பு மாதிரி வெள்ளையா விழாது. அவங்க ஒண்ணுமில்லன்னு அனுப்பிடுவாங்க."

அதைச் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்த்தால் யாருக்கும் பரிதாபம் வரும். எனக்கு வரவில்லை. "தெரியாதுன்னு அங்க வந்து சொல்லுங்க. வேற வழி அவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, பொக்கையைப் போர்வையோடு சுருட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். அவர் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

மாடிப்படியின் முதல் திருப்பத்திலேயே தச்சர் வழிமறித்தார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார், கையில் அதே துடைப்பக் கட்டை.

"மனுஷன் தூங்க வேணாமா? தினமும் இதே கூத்தா? நான் மிஷின்ல கைய வைக்கறவன்யா. தூக்கக் கலக்கத்துல விரல் போச்சுன்னா நீ தருவியா?"

"அப்புறம் பேசலாம் அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்று இவர் ஒதுங்கிப் போகப் பார்த்தார்.

"நில்லு, சொல்லிட்டுப் போ" என்று தச்சர் எட்டி இவர் முழங்கையைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் கையை இழுத்துக்கொண்டார். உள்ளங்கையில் என்னவோ குத்தியிருக்கிறது. மாடிப்படி விளக்கில் கையை விரித்துப் பார்த்தார். ஸ்வெட்டர் நூலும் சிவப்பு மெழுகும் சுற்றிக்கொண்டு ஒரு பல்.

தச்சர் பல்லைப் பார்த்தார். இவர் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, என்ன கோபம் இருந்தாலும் புருஷன் பல்லையா உடைப்பாங்க?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேசையில் ஊன்றிய முழங்கை! இளகிய மெழுகோடு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டையே புரட்டிப் போட்டோமே, பல் அவர் கூடவே மேசைக்கு அடியிலும் அடுப்புக்குக் கீழேயும் தவழ்ந்திருக்கிறது. இவர் அந்தப் பல்லை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தார், அப்போதும் நம்பாதவர் மாதிரி. "வழவழன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, தச்சர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் ஓவென்று அழுதார். பொக்கையும் அழுதாள். யாரும் அவளை உஷ் என்று அடக்கவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் தச்சர் கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பொக்கையின் வாயை எட்டிப் பார்த்தார். "அட, ஆமா! அதான் பல்லு வந்தாச்சே, இனிமே தூங்கிடுவாளா?"

இவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தொழில்காரராக, "கீழ் முன்பல்லு ஜோடியா வரும் அண்ணே. இன்னும் ஒண்ணு பாக்கி" என்றார். தச்சர் கட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மேலே வந்ததும் பொக்கை என் தோளில் நாலு நடை போவதற்குள் தூங்கிவிட்டாள். தொட்டிலில் போட்டேன், அசையவில்லை. விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் தொட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாகத் தரையில் படுத்தோம். காலையில் வண்டி எடுக்கமுடியாது என்று டெப்போவுக்குச் செய்தி அனுப்பினேன். ஏன் என்று எழுதவில்லை. எழுதினாலும் யார் நம்பப் போகிறார்கள்?

"தூங்கும்மா. அதான் கெடச்சாச்சே" என்றார் இவர்.

"நீங்க தூங்குங்க."

விசில் கேட்டது. நின்றது. மறுபடி கேட்கிறவரை நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை. அவள் பிறந்ததிலிருந்து விடியும்வரை அசையாமல் தூங்கினாள் என்றால் அது அன்றைக்குத்தான். ஜன்னல் வெளுத்து, கீழே தச்சர் கதவைப் பூட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்கும்வரை நாங்கள் கண்ணை மூடவில்லை.